பல் டாக்டருக்குப் பிடித்த படகு

விளம்பரத்தை எழுதியது கணவர். வெட்டியது மனைவி. வெட்டியும் அது ஒரு முழுப் பக்கத்துக்கு வந்தது. நாற்பதடிப் பாய்மரப் படகு. பந்தயத்துக்கும் ஆகும், நெடும்பயணத்துக்கும் ஆகும். போன வருஷம் மாற்றிய பாய்கள். தானாகவே திசை பிடித்து ஓட்டும் ஆட்டோபைலட். சோலார் பலகைகள். கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரம். அடுப்பு, ஃபிரிட்ஜ், ஆறு பேர் படுக்க இடம். கடைசியில், ‘கரையைத் தொடாமல் ஒரு மாதம் இருக்கலாம்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தார்.

“இது எதுக்கு? நாம என்னைக்கு ஒரு மாசம் இருந்தோம்?” என்று அவள் கேட்டாள்.

“இருந்தோமா இல்லையாங்கறது வேற. இருக்க முடியும்ல?”

அந்த வரி தங்கிவிட்டது.

அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க மேலும் கீழும் போய் வந்தவன், கடலுக்கு வந்த பிறகுதான் பக்கவாட்டில் போகக் கற்றேன் என்று சொல்லிச் சிரிப்பார். அவள் மருந்துக்கடை நடத்தியவள். படகுத்துறையில் குமட்டுகிறது என்று வந்தவர்களுக்கெல்லாம் மாத்திரை கொடுத்துக் கொடுத்து, ‘மாத்திரை அக்கா’ என்றே அவளுக்குப் பெயர் விழுந்திருந்தது. இப்போது கடை கைமாறிவிட்டது. பெரிய வீட்டை விட்டு இரண்டு அறை ஃபிளாட்டுக்கு வந்தாயிற்று. தோளில் அறுவை சிகிச்சை ஆனபின் பெரிய பாயை இழுத்து ஏற்றுவது அவருக்கு ஆகாத காரியம். இதை விற்றுவிட்டு, இருவர் உட்கார்ந்து போகிற மாதிரி ஒரு சின்னப் படகு வாங்கிக்கொள்ளலாம் என்றாள். அவரும் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட நாளிலிருந்து படகைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் குறை சொன்னார்கள். ஒருவர் ஜன்னல் ரப்பரை நகத்தால் கீறிப் பார்த்தார். ஒருவர் இன்ஜினுக்குள் டார்ச் அடித்து உதட்டைப் பிதுக்கினார். கழிவறை குறுகல் என்றார் இன்னொருவர். அவர் உடம்புக்கு எந்தக் கழிவறையும் குறுகலாகத்தான் இருக்கும். ஒவ்வொருவர் போன பிறகும், தன்னையே யாரோ திட்டிவிட்டுப் போன மாதிரி கணவர் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருப்பார்.

அப்புறம்தான் பல் டாக்டர் வந்தார்.

நாற்பது வயதுக்குள் இருக்கும். சுத்தமான கைகள். நாற்காலியில் சாய்ந்திருக்கும் நோயாளியிடம் பேசிப் பழகிய மெல்லிய குரல். அவர் எதையும் கீறிப் பார்க்கவில்லை. பாய்களைப் பிரித்துக் காட்டக்கூடச் சொல்லவில்லை. குடிநீர்த் தொட்டி எத்தனை, எவ்வளவு கொள்ளும், டீசல் எவ்வளவு தூரம் வரும், ஒருவர் மட்டும் இருந்தால் ஆட்டோபைலட்டை நம்பித் தூங்கலாமா என்று கேட்டார். கணவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒவ்வொன்றையும் இயக்கிக் காட்டினார்.

“இது நாம எங்க இருக்கோம்னு மத்த கப்பலுக்கெல்லாம் சொல்லிட்டே இருக்கும்” என்று சுக்கான் சக்கரத்துக்கு அருகே இருந்த ஒரு சிறிய திரையைக் காட்டினார்.

“அணைச்சு வைக்க முடியுமா சார்?”

“ஸ்விட்ச் இருக்கு. ஆனா எதுக்கு அணைக்கணும்?”

“பேட்டரி மிச்சமாகுமேன்னு கேட்டேன்.”

சொன்ன விலைக்கு அவர் தலையாட்டினார். ஒரு நாள் கடலில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்கு மனம் ஒட்டவில்லை. கடையில் கல்லாவுக்குப் பின்னால் நின்று மனிதர்களைப் பார்த்தவள் அவள். காய்ச்சல் மாத்திரை வாங்க வருகிறவன் இதைவிட மலிவாக இல்லையா என்று கேட்பான். தூக்க மாத்திரையை மொத்தமாகக் கேட்கிறவன் மட்டும் விலை கேட்பதில்லை. அப்படிப்பட்டவர்களை அவள் ஏதாவது பேச்சுக்கொடுத்து நிறுத்தி வைப்பாள்.

“குறையே சொல்லலையே அந்த ஆளு” என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

“குறை சொன்னாலும் தப்பு, சொல்லலைன்னாலும் தப்பா? ஒரு மனுஷன் பொருளோட அருமை தெரிஞ்சு வாங்க வர்றான். உனக்கு அது பொறுக்கல.”

அவள் சமையலறைக்குப் போய்விட்டாள்.

ஓட்டிப் பார்க்கிற அன்று காலை பல் டாக்டர் தனியாக வரவில்லை. கூட ஒரு சிறுமி. ஏழு, எட்டு வயது இருக்கலாம். மகள் என்றார். குட்டி, குட்டி என்று கூப்பிட்டார். அவளுடைய இரண்டு பின்னல்களும் இரண்டு உயரத்தில் இருந்தன. பின்னிப் பழகாத கை பின்னியது. தோளில் இரண்டு பெரிய பைகளைப் போட்டுக்கொண்டு அவர் படகில் ஏறினார்.

“ஒரு நாளைக்கு இவ்வளவா?” என்று மனைவி சிரித்துக்கொண்டே கேட்டாள்.

“குழந்தை இருக்காளே மேடம். நனைஞ்சா மாத்தத் துணி, சாப்பாடு.”

“அம்மா வரலையா?”

“அவங்களுக்கு வேலை.”

சிறுமி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

காற்று நன்றாக இருந்தது. பல் டாக்டர் கயிறு சுற்றும் உருளையில் கைப்பிடியைச் செருகிச் சுற்ற, பெரிய பாய் மளமளவென்று ஏறியது. ஓட்டத் தெரிந்த ஆள்தான். கணவர் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு பழைய பந்தயக் கதைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டார். பல் டாக்டர் சரியான இடத்தில் சிரித்தார், சரியான இடத்தில் வியந்தார். துறைமுகச் சுவர் பின்னால் கோடாகி, பிறகு கோடும் போயிற்று. சிறுமிக்கு முகம் வெளுத்ததும் அவர் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். கையில் இருந்தது ஒரு மாத்திரை அல்ல, ரப்பர் போட்டுக் கட்டிய அட்டைகளின் கட்டு. கடைக்காரியின் கண் அதைக் கவனித்துவிட்டது. ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது அதில் ஒரு மூலைகூட இல்லை.

“சார், இவ்வளவு தூரம் வந்துட்டோம். எதிர்க்கரை வரைக்கும் போயிடலாமா?” என்றார் பல் டாக்டர். “நெடும்பயணத்துல எப்படி இருக்குன்னு பாத்துட்டா அங்கயே பணத்தை அனுப்பிடுவேன். நீங்க ரெண்டு பேரும் கப்பல்ல திரும்பிடலாம். டிக்கெட் என் செலவு.”

எதிர்க்கரை என்பது வேறு நாடு. விடாமல் ஓட்டினால் மாலைக்குள் போய்விடலாம்.

“பாஸ்போர்ட் எதுவும் நாங்க எடுத்துட்டு வரலையே” என்றாள் அவள்.

“எங்க ரெண்டு பேருக்கும் நான் எடுத்துட்டு வந்திருக்கேன். அங்க யாரும் பாக்க மாட்டாங்க. யாராவது கேட்டாப் பாத்துக்கலாம்.”

ஓட்டிப் பார்க்க வந்தவர் குழந்தையின் பாஸ்போர்ட்டை எதற்கு எடுத்து வருகிறார்? அவள் கணவரைப் பார்த்தாள். கணவர் முகத்தில் வெயில் மட்டும்தான் இருந்தது. “காத்து இப்படியே நின்னா போகலாம் தம்பி. இவளுக்கும் பிடிக்கும்” என்றார்.

சிறுமியைப் படுக்க வைக்கிறேன் என்று சொல்லி அவள் ஏணியில் இறங்கினாள். உள்ளே நடுவில் மேசை, ஒரு பக்கம் சமையல் மேடை, இன்னொரு பக்கம் ரேடியோ. அதைத் தாண்டிப் படகின் முன்முனையில் ஒரு சின்ன அறை, முக்கோண வடிவப் படுக்கையோடு. அங்கே சிறுமியைப் படுக்க வைத்துப் போர்த்தினாள். கதவைப் பாதி சாத்தினாள்.

“ஸ்கூல் லீவா இன்னைக்கு?”

“சனிக்கிழமை ஆன்ட்டி.”

“ஆமால்ல. சாயங்காலம் அம்மா தேடுவாங்களா?”

சிறுமி சற்று யோசித்தாள். “அம்மாக்குத் தெரியாது. சொன்னா விடமாட்டாங்கன்னு அப்பா சொன்னாரு. அங்க போய்ச் சேர்ந்த அப்புறம் போன் பண்ணலாம்னாரு.”

“எப்போ திரும்பி வருவீங்க?”

“வரமாட்டோம்.” போர்வை நுனியைச் சிறுமி வாயில் வைத்துக்கொண்டாள். “அங்க எனக்கு வேற பேரு. என்ன பேருன்னு நானே முடிவு பண்ணலாமாம்.”

படகின் பக்கவாட்டில் அலை உரசுகிற சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது. சிறுமியின் நெற்றியைத் தடவினாள். போர்வையை இன்னும் மேலே இழுத்து விட்டாள்.

வெளியே வந்து போனைப் பார்த்தாள். சிக்னல் இல்லை. ரேடியோவின் மேல் கையை வைத்தாள். வைத்த மாத்திரத்தில் ஏணியில் இரண்டு கால்கள் இறங்கின.

“தூங்கிட்டாளா?” என்றார் பல் டாக்டர். ரேடியோவுக்கு முன்னால் இருந்த இருக்கையில் வந்து உட்கார்ந்தார். “இந்த இரைச்சல் அவளுக்கு ஆகாது. அதான் அப்பவே குறைச்சு வெச்சேன்.”

ரேடியோவின் விளக்கு அணைந்திருந்தது. குறைக்கவில்லை, நிறுத்தியிருக்கிறார். பக்கத்து ஸ்விட்ச் பலகையில், கப்பல்களுக்கு இருப்பிடம் சொல்லும் கருவிக்கான பச்சை விளக்கும் இல்லை. கணவர் கதை சொல்லிக்கொண்டிருந்தபோதே இரண்டும் அணைந்திருக்க வேண்டும்.

“டீ போடட்டுமா?” என்றாள். தன் குரல் சாதாரணமாக வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

“போடுங்க மேடம்.”

அடுப்பின் முன் நின்றபடி யோசித்தாள். கணவரிடம் சொல்லலாம். ஆனால் அவர் முகத்தில் எதுவும் நிற்காது. சொன்ன அடுத்த நொடி, “என்ன தம்பி இது?” என்று நேராகவே கேட்டுவிடுவார். கேட்ட பிறகு? அவருக்கு ஒரு தோள்தான் சரியாக இருக்கிறது. எதிரே இருப்பவர் பாதி வயதுக்காரர். சுற்றிலும் ஒரு படகு இல்லை. இருவரையும் தண்ணீரில் தள்ளிவிட்டால், ஒரு மாதம் கரையைத் தொடாமல் இருக்கக்கூடிய எல்லாம் இந்தப் படகில் இருக்கின்றன. அத்தனையும் அவர்களே பார்த்துப் பார்த்து வாங்கி வைத்தவை. பல் டாக்டர் அப்படிச் செய்யக்கூடியவரா என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததுதான் அவளை ஆட்டியது.

டீயைக் கொடுத்தாள். கணவருக்கும் மேலே எட்டிக் கொடுத்தாள். “என்ன, முகம் ஒரு மாதிரி இருக்கு?” என்றார் அவர். “குமட்டுது” என்றாள். மாத்திரை அக்காவுக்கே மாத்திரையா என்று அவர் சிரித்தார்.

அந்தச் சாக்கில் போர்வை எடுக்கிறேன் என்று முன்னறைக்குப் போனாள். சிறுமி கண்ணை மூடியிருந்தாள். அந்தப் படுக்கைக்கு அடியில்தான் முன்பக்கக் குடிநீர்த் தொட்டி. அதைக் கழுவி விடுவதற்கு ஒரு திருகு மூடி உண்டு. திறந்தால் தண்ணீர் படகின் அடிவயிற்றில் ஓடி, ஏணிக்கடியில் இருக்கும் பள்ளத்தில் சேரும். அங்கே தண்ணீர் சேர்ந்தால் இறைக்கும் பம்ப் தானே ஓடும். ஓடினால் மேலே சக்கரத்துக்கு அருகே மணி அலறும். அந்த மணியைக் கேட்டால் தன் கணவர் எந்த விலைக்கும் முன்னே போகமாட்டார் என்பது அவளுக்கு நிச்சயம். படகுக்குள் தண்ணீர் வந்தால் வீட்டைப் பார்த்துத் திரும்பு என்பதுதான் அவருடைய ஒரே சட்டம்.

மெத்தை ஓரத்தைத் தூக்கிப் பலகைக்கடியில் கையை விட்டாள். மூடி இறுகியிருந்தது. புடவைத் தலைப்பைச் சுற்றித் திருகினாள். மணிக்கட்டு கழன்றுவிடும் போல வலித்தது. கதவுக்கு அப்பால் பல் டாக்டர் தம்ளரை வைக்கிற சத்தம் கேட்டது. அவள் மூச்சை அடக்கினாள். மூடி இளகியது. தண்ணீர் சத்தமில்லாமல் அவள் விரல்களின் மேல் ஓடியது.

ஒரு போர்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பல் டாக்டர் ஒரு பிஸ்கட்டை இரண்டாக உடைத்து ஒரு பாதியை மகளுக்கென்று காகிதத்தில் மடித்து வைத்தார். இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. மூடியைத் தவறான பக்கம் திருகிவிட்டோமோ, பம்ப் பழுதோ என்று அவள் மனம் பறந்தது.

அப்போது மேலே மணி அலறியது.

“ஏய், பம்ப் ஓடுது” என்று கணவர் கத்தினார். “கீழ பாரு.”

“நீங்க சக்கரத்தை விடாதீங்க. நான் பாக்குறேன்.” ஏணிக்கடியில் இருந்த பலகையைத் தூக்கினாள். பள்ளம் நிறைந்து தண்ணீர் தளும்பியது. “தண்ணி வருதுங்க. நிறைய வருது.”

கணவரின் முகம் மேலே வாசலில் ஒரு கணம் தெரிந்தது. இவ்வளவு வருஷத்தில் அவர் இப்படிப் பயந்து அவள் பார்த்ததில்லை. “திருப்புறேன். பிடிச்சுக்கங்க” என்றார். படகு சாய்ந்து, தம்ளர்கள் உருண்டு, பாய்கள் மறுபக்கம் விழுந்து அறைந்தன.

பல் டாக்டர் பள்ளத்தின் அருகே மண்டியிட்டார். கத்தவில்லை, பதறவில்லை. ஒரு விரலைத் தண்ணீரில் தோய்த்து நாக்கில் வைத்தார்.

அவள் தூக்கிய பலகையைக் கீழே வைத்தாள்.

அவர் மெதுவாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். “இது உப்பே இல்லையே மேடம்” என்றார், அதே மெல்லிய குரலில். “நல்ல தண்ணி.”

அவர் எழுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அழுத்தவில்லை. ஆனால் அந்தப் பிடியிலிருந்து கையை உருவ முடியாது என்பது தெரிந்தது.

“என்ன பண்ணீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணலை.”

“குட்டி உங்ககிட்ட என்ன சொன்னா?”

“தூங்குற குழந்தை என்ன சொல்லும்?”

“தொட்டிதான் ஒழுகுது, பயப்பட ஒண்ணுமில்லைன்னு மேல போய் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்க வீட்டுக்காரர் மறுபடி திருப்பிடுவாரு.”

அது உண்மை. முன்னறைக் கதவு கிறீச்சிட்டது. சிறுமி வெறுங்காலோடு வந்து நின்றாள். அலை ஆட்டிய ஆட்டத்தில் பள்ளத்துத் தண்ணீர் வழிந்து அவள் பாதத்தைத் தொட்டது.

“குட்டி,” என்றார் அப்பா, பிடியை விடாமலே, “இந்த ஆன்ட்டி உன் ரூம்ல ஏதாவது பண்ணாங்களா?”

சிறுமி தண்ணீரைப் பார்த்தாள். ஆன்ட்டியைப் பார்த்தாள். அந்த நேரத்தில் தன் உயிர், கணவரின் உயிர், எல்லாம் அந்தச் சின்ன வாயில் இருப்பது போல அவளுக்குப் பட்டது.

“தெரியல. நான் தூங்கிட்டேன்” என்றாள் சிறுமி. பிறகு உதடு கோணியது. “அப்பா, நான் அம்மாகிட்ட போறேன்.”

சொல்லி முடிப்பதற்குள் வாந்தி எடுத்தாள். பல் டாக்டரின் கை விட்டது. மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, தன் சட்டைக் கையாலேயே அவள் வாயைத் துடைத்தார். சிறுமி திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். வயிற்றில் ஒன்றும் மிஞ்சாத பிறகும் குமட்டி, இடையில் மூச்சு வாங்கி, மறுபடி அதையே சொன்னாள். நெடுநேரம் கழித்து அவர் மேலே பார்த்துக் குரல் கொடுத்தார்.

“சார், துறைமுகத்துக்கே போயிடலாம்.”

“அங்கதான் போயிட்டிருக்கேன் தம்பி” என்று பதில் வந்தது.

திரும்பும் வழி எதிர்க்காற்று. வளைந்து வளைந்துதான் போக வேண்டும், போன தூரத்தைப் போல இரண்டு மடங்கு. காற்று வலுத்தது, முன்முனை ஒவ்வொரு அலையிலும் எழுந்து இடித்தது. பல் டாக்டர் ரேடியோவுக்கும் ஏணிக்கும் நடுவில், மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே மாத்திரை அக்கா. சிறுமி இப்போது உண்மையாகவே தூங்கிப்போனாள்.

“ரெண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை” என்றார் அவர், யாரிடமோ சொல்வது போல. “எத்தனை மணிக்குக் கூட்டிட்டுப் போகணும், எத்தனை மணிக்குக் கொண்டு வந்து விடணும், எல்லாம் கோர்ட்ல எழுதிக் கொடுத்திருக்காங்க. இவளோட முதல் பல்லு விழுந்தது எனக்குப் போன்லதான் தெரியும். நான் பல் டாக்டர் மேடம்.”

அவள் தலையை அசைத்தாள். என்ன சொன்னாலும் தப்பாகப் போய்விடும் என்று பயந்தாள்.

“கரையில யார்கிட்டயாவது சொல்வீங்களா?”

“மாட்டேன்.”

“சொல்வீங்க” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். பிறகு மகளை இருக்கையில் கிடத்தி, விழாமல் இரண்டு பக்கமும் மெத்தையை வைத்துவிட்டு, ஏணியில் ஏறினார்.

அவள் பின்னாலேயே எழுந்தாள். வாசலுக்கு மேல் தலையை நீட்டியபோது, அவர் உருளையின் கைப்பிடியைக் கையில் எடுத்திருந்தார். முழங்கை நீளம், கனமான இரும்பு. கணவர் முதுகைக் காட்டிக்கொண்டு சக்கரத்தில் நின்றார். காற்றில் அவருக்கு எதுவும் கேட்காது. கழுத்தின் பின்னால் நரைமுடி பறந்துகொண்டிருந்தது. கூப்பிட வாயைத் திறந்தாள். பல் டாக்டர் ஓர் அடி வைத்தார். இன்னோர் அடி. கணவரைத் தாண்டிப் போய், கைப்பிடியை உருளையில் செருகிச் சுற்றினார். முன்பாய் இறுகியது. படகு வேகம் பிடித்தது.

“நல்லா பண்ணீங்க தம்பி” என்றார் கணவர். “சீக்கிரம் போனாத்தான் நல்லது.”

அவள் ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். துறைமுகச் சுவர் கண்ணில் படும்வரை அந்தக் கைப்பிடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

படகு துறையை உரசியதும் கயிற்றைக்கூடக் கட்டாமல் குதித்து இறங்கினாள். “ஏய், கயிறு” என்று கணவர் கத்துவது பின்னால் கேட்டது. காவலறை வரைக்கும் ஓடினாள். காவலாளியிடம் சொல்லத் தொடங்கியபோது முதலில் அழுகைதான் வந்தது. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள்.

பல் டாக்டர் எங்கும் ஓடவில்லை. படகுத்துறைப் பலகையில் பைகளை இறக்கி வைத்து, அதன் மேல் மகளை உட்கார வைத்து, கலைந்துபோன பின்னல்களை அவிழ்த்து மறுபடி பின்னிக்கொண்டிருந்தார். போலீஸ் வந்தபோது ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் பாதியில் இருந்தது. முடித்துவிட்டு வருகிறேன் என்றார். அவர்களும் நின்றார்கள்.

தாய் வந்தது அதற்குப் பிறகு. அலுவலக உடையில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, பலகை அதிர ஓடிவந்தாள். மகளைக் கட்டிக்கொண்டு பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாத்திரை அக்கா அந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். இவளிடமிருந்து ஒரு குழந்தையைக் கடல் தாண்டிக் கொண்டுபோக வேண்டியிருந்ததா என்று தேடினாள். கல்லாவுக்குப் பின்னால் நின்று எத்தனையோ முகங்களைப் படித்தவளுக்கு அது பிடிபடவில்லை. பயந்துபோன ஒரு தாயின் முகம்தான் தெரிந்தது.

அவர்கள் கிளம்பும்போது சிறுமி அம்மாவின் கையை விட்டுவிட்டு அவளிடம் வந்தாள்.

“நான் தூங்கல ஆன்ட்டி” என்றாள் ரகசியமாக. “நீங்க மெத்தைக்குக் கீழ கை விட்டதைப் பாத்தேன்.”

“அப்புறம் ஏன் அப்பாகிட்ட சொல்லல?”

சிறுமி, போலீஸ் வண்டியில் ஏறிக்கொண்டிருந்த அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். இப்போது அவள் அழத் தொடங்கினாள். அம்மா வந்து தூக்கிக்கொண்டாள்.

கணவருக்கு விஷயம் முழுதாகப் புரிய அன்று மாலை வரை ஆயிற்று. முதலில் கோபம் வந்தது. “என் படகு முழுகுதுன்னு நினைச்சு எனக்கு உயிரே போயிடுச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

அவர் யோசித்தார். “கேட்டிருப்பேன் அவன்கிட்ட.”

“அதான்.”

கொஞ்ச நேரம் கழித்து, கைப்பிடியோடு பல் டாக்டர் பின்னால் வந்து நின்றதை அவள் சொன்னாள். அவர் தன் கழுத்தின் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து வாசலில் மணி அடித்தால் அவளுக்கு முன்னால் அவர் எழுந்து போனார். யார் என்று கேட்காமல் கதவைத் திறக்கவில்லை. சில வாரம் கழித்து, பல் டாக்டரை வெளியே விட்டுவிட்டார்கள், அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று போலீஸிலிருந்து ஒருவர் போனில் சொன்னார். எந்த ஊர் என்று அவள் கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. மகளைப் பார்க்க இனி அனுமதி உண்டா என்றும் கேட்டாள். அதுவும் தெரியவில்லை.

படகை வாங்கியது ஒரு தம்பதி. இரண்டு பேரும் இரண்டு நாள் வந்து, ஒவ்வொரு கயிறாகத் தொட்டுக் குறை சொன்னார்கள். ஃபிரிட்ஜ் சின்னது, மெத்தை பழசு, சோலார் பலகையில் கீறல். விலையில் கணிசமாகக் குறைத்தார்கள். கணவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அவர்கள் குறை சொல்லச் சொல்ல அவளுக்கு நெஞ்சு இளகிக்கொண்டே வந்தது. டீ போட்டுக் கொடுத்தாள். உங்களுக்குக் குழந்தைகள் உண்டா என்று கேட்டாள். பெரியவர்கள் ஆகிவிட்டார்கள், படகென்றாலே ஓடுகிறார்கள் என்று அந்தப் பெண் அலுத்துக்கொண்டாள்.

சின்னப் படகு ஒரு வேன் கூரையின் மேல் வந்து இறங்கியது. ஒரே பாய், ஒரு சுக்கான், குறுக்கே இரண்டு பலகை. அறை இல்லை, கதவு இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து படகு முழுவதையும் பார்த்துவிடலாம். அது அவளுக்குப் பிடித்திருந்தது. முதல் நாள் இருவரும் போனபோது சுக்கானை அவளே வாங்கிக்கொண்டாள். கணவர் முன்னால் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டார்.

“இன்னும் கொஞ்சம் தூரம் போலாமே” என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். துறைமுகச் சுவரில் மீன்பிடிக்க உட்கார்ந்திருப்பவர்களின் சட்டை நிறம் இன்னும் தெரிந்தது.

“வேணாங்க” என்றாள். “இது போதும்.”

அவள் சுக்கானைத் திருப்பினாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார், பாய் அவர் மேலாக மறுபக்கம் போயிற்று. மதியச் சாப்பாட்டுக்குள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.